குங்பூ வீரர் புரூஸ் லீ: ஓட்டல் சர்வர் உலக நடிகர் ஆன கதை

ஆங்கிலம் தெரியாது. இந்தி அரைகுறை. மராத்தி அதைவிடக் குறைவு. ஆனாலும் அந்தப் படம் முழுவதும் புரிந்தது!

புனேக்குப் பிழைக்க வந்த தமிழர்களில் பலருக்கு, முழுவதும் புரிந்த முதல் ஆங்கிலப் படம் ஒரு குங்பூ படமாகத்தான் இருக்கும். கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும், தேகு ரோடு, பிம்பிரி பக்கம் குடியிருந்தவர்களும், கேம்ப் கடைகளில் கணக்கு எழுதியவர்களும் அதற்கு விலக்கு அல்ல. வெஸ்ட் எண்ட், அல்கா, ராகுல் என்று ஆங்கிலப் படங்களுக்குப் பெயர் பெற்ற தியேட்டர்கள் இந்த ஊரில் இருந்தன. மற்ற ஆங்கிலப் படங்களில் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். குங்பூ படத்தில் பேச்சு குறைவு. யார் நல்லவன், யார் கெட்டவன், எதற்காக அடி விழுகிறது என்பது பாஷை இல்லாமலே விளங்கும்.

அந்தப் படங்களின் கதாநாயகன் புரூஸ் லீ. பெரியவன் ஆன பிறகு அவர் கதாநாயகனாக நடித்து முடித்த படங்கள் நான்கே நான்கு. நான்காவது படம் அமெரிக்காவில் திரைக்கு வருவதற்குள் இறந்துவிட்டார். அப்போது வயது 32.

நாடகக்காரர் மகன்

புரூஸ் லீயின் தகப்பனார் லீ ஹோய் சூன். ஹாங்காங்கில் பெயர் பெற்ற இசை நாடக நடிகர், நகைச்சுவை வேடக்காரர். நாடகக் குழுவுடன் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தபோது, சான்பிரான்சிஸ்கோ நகரின் சீனர் பேட்டையில் 1940-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி இந்தப் பிள்ளை பிறந்தது. சீனர் கணக்கில் அது டிராகன் வருஷம். பெற்றோர் வைத்த பெயர் ஜூன் பான். புரூஸ் என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பெயர். தாயார் கிரேஸ் ஹோ, ஐரோப்பிய ரத்தம் கலந்த குடும்பத்தைச் சேர்ந்தவர்.

மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே ஒரு படத்தில் தலை காட்டியாகிவிட்டது. 1941-ல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான் படை ஹாங்காங்கைப் பிடித்தது. சோற்றுப் பஞ்சத்திலும் குண்டு வீச்சிலும் நான்கு ஆண்டுகள் கழிந்தன.

சண்டை ஓய்ந்ததும் பையன் குழந்தை நட்சத்திரம் ஆனான். 1950-ல் வந்த ஒரு படத்தில் அனாதைச் சிறுவன் வேடம் பெரிய பெயர் வாங்கித் தந்தது. "சிறிய டிராகன்" என்ற பொருள் தரும் சினிமாப் பெயரும் அந்த நாட்களில் ஒட்டிக்கொண்டது. 18 வயதுக்குள் சுமார் 20 படங்கள்.

படிப்பு ஏறவில்லை. தெருச் சண்டை ஏறியது. கூட்டாளிகளுடன் சேர்ந்து மற்றத் தெருப் பையன்களை அடிப்பதும், அடி வாங்குவதும் வழக்கம். ஒழுங்காக அடிக்கக் கற்கவேண்டும் என்று யிப் மான் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்னும் குங்பூ வகையைப் பயின்றார். எதிரிக்கு அருகிலேயே நின்று, குறைந்த தூரத்தில் கையை வேகமாக வீசும் வித்தை அது.

அதே பையன் 1958-ல் பள்ளிகளுக்கு இடையே நடந்த குத்துச்சண்டையிலும் வென்றார்; சா-சா-சா என்ற நடனப் போட்டியிலும் ஹாங்காங் சாம்பியன் ஆனார். பிற்காலப் படங்களில் எதிரியைச் சுற்றி அவர் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு, நடனக்காரர் என்றால் ஆச்சரியம் இராது.

100 டாலருடன் கப்பல்

தெருச் சண்டை போலீஸ் வரை போனது. இனி இங்கே இருந்தால் பையன் கெட்டுவிடுவான் என்று பெற்றோர் பயந்தார்கள். 1959-ல் கையில் 100 டாலரைக் கொடுத்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அடித்தட்டு டிக்கெட்டில் போன பையன், மேல்தட்டுப் பணக்காரர்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்து வழியிலேயே சம்பாதித்தார்!

சியாட்டில் நகரில் ரூபி சௌ என்ற சீனப் பெண்மணி நடத்திய ஓட்டலில் சர்வர் வேலை. குடும்பத்துக்குத் தெரிந்தவர்தான். ஆனால் வீட்டுப் பிள்ளையாக அல்ல, வேலைக்காரப் பையனாகத்தான் நடத்தினார். ஓட்டலுக்கு மேலே படிக்கட்டு இடுக்கில் சின்ன அறை. பகலில் பள்ளிக்கூடம், இரவில் தட்டு எடுப்பது. நாடக நடிகரின் செல்லப் பிள்ளைக்கு இது கசந்தது. மூட்டை முடிச்சோடு வந்து, தெரிந்தவர் வீட்டு மூலையில் படுத்து எழுந்த அனுபவம் புனேத் தமிழர்களுக்குப் புதிது அல்ல.

பள்ளிப் படிப்பை முடித்து 1961-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவப் பாடத்தில் ஆர்வம். செலவுக்குக் குங்பூ சொல்லிக்கொடுத்தார். சீனர், வெள்ளையர், கறுப்பர், ஜப்பானியர் என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார்.

அப்படிப் படிக்க வந்த லிண்டா எமரி என்ற அமெரிக்கப் பெண்ணை 1964 ஆகஸ்டில் மணந்தார். பெண் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. 1965 பிப்ரவரியில் மகன் பிராண்டன் பிறந்தான். ஒரு வாரத்துக்குள் ஹாங்காங்கில் தகப்பனார் காலமானார்.

அந்தச் சமயத்தில் ஓக்லண்டில் இருந்த அவரது பள்ளியில் ஒரு சண்டை நடந்தது. எதிரி வோங் ஜாக் மான் என்ற குங்பூ வீரர். சீனர் அல்லாதவர்களுக்கு வித்தையைக் கற்றுத் தரக்கூடாது என்பதே தகராறு என்று லிண்டா பின்னர் எழுதினார். எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. வென்றது யார் என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. ஒன்று மட்டும் நிச்சயம். சண்டை முடிந்ததும் புரூஸ் லீக்கு மூச்சு வாங்கியது. சில நிமிடச் சண்டைக்கே இப்படி என்றால் கற்றதில் குறை இருக்கிறது என்று நினைத்தார்.

அன்று முதல் உடற்பயிற்சி வெறி பிடித்தது. ஓட்டம், எடை தூக்குதல், கயிறு தாண்டுதல் எல்லாம் சேர்ந்தன. நம் நாட்டு மல்லன் காமாவின் பயிற்சி பற்றிப் படித்து, அவர் செய்த தண்டாலையும் பஸ்கியையும் கூடச் செய்தார். புனே பேட்டைகளில் உள்ள தாலீம்களின் செம்மண்ணில் பயில்வான்கள் எடுக்கும் அதே தண்டால்தான், அதே பஸ்கிதான். 5 அடி 7 அங்குல உயரமும் சுமார் 60 கிலோ எடையும் உள்ள மனிதர். கண் பார்வையும் மந்தம். அந்த உடம்பைத்தான் இரும்பாக்கினார்.

முகமூடி வேடம்

1964-ல் லாங் பீச் நகரில் ஒரு கராத்தே விழாவில் புரூஸ் லீ வித்தை காட்டினார். இரண்டே விரல்களைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுத்தார். ஒரு அங்குல தூரத்தில் இருந்து குத்தி ஆளை நாற்காலியில் சாய்த்தார். அதன் பலனாக டெலிவிஷன் வாய்ப்பு வந்தது.

"கிரீன் ஹார்னெட்" என்ற அந்தத் தொடர் 1966-67-ல் 26 வாரம் ஓடியது. அதில் அவர் கேட்டோ. அதாவது கதாநாயகனின் கார் டிரைவர். முகமூடி வேறு! வசனம் கொஞ்சம். சண்டை வந்தால் மட்டும் அவருக்கு வேலை. காமிராவில் பதியாத அளவு வேகமாக அடிக்கிறார் என்று, வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். தொடர் ஒரே பருவத்தில் நின்றது.

பிறகு சினிமா நடிகர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டீவ் மெக்வீன், ஜேம்ஸ் கோபர்ன், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜபார் ஆகியோர் மாணவர்கள். கட்டணம் மணிக்கு 275 டாலர் வரை போனது. ஆனால் அமெரிக்கச் சினிமாவில் சீனனைக் கதாநாயகனாகப் போட யாரும் தயாராக இல்லை. வாத்தியார் என்று மரியாதை கொடுத்தவர்கள் வேடம் கொடுக்கவில்லை.

1970-ல் இன்னொரு அடி. எடை தூக்கும்போது இடுப்பு நரம்பு பிசகியது. இனிமேல் காலைத் தூக்கி உதைக்கவே முடியாது என்று டாக்டர்கள் கூறிவிட்டார்கள். பல மாதம் படுக்கை. லிண்டா வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காத்தார். அப்போது இரண்டாவது குழந்தை ஷானன் கைக்குழந்தை.

படுத்தபடியே படித்தார், எழுதினார். நம் ஜே.கிருஷ்ணமூர்த்தியின் நூல்களையும் அப்போது படித்தார். ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே கட்டுண்டு கிடக்கக்கூடாது என்ற கருத்து, 1967-லேயே "ஜீத் குனே டோ" என்று பெயரிட்டிருந்த அவருடைய சண்டை முறைக்கு நன்றாகப் பொருந்தியது. அந்தக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1975-ல் புத்தகமாக வெளிவந்தன.

டாக்டர்கள் சொன்னது பலிக்கவில்லை. எழுந்தார், உதைத்தார். முதுகு வலி மட்டும் கடைசி வரை போகவில்லை.

சென்னைக்கு வந்தார்

புரூஸ் லீ இந்தியாவுக்கு வந்தது பலருக்குத் தெரியாது.

அமெரிக்கப் படக் கம்பெனிகள் இந்தியாவில் சம்பாதித்த பணத்தை முழுவதும் வெளியே கொண்டுபோக அன்று அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அந்த ரூபாயை இங்கேயே செலவழிக்க, இங்கே வந்து படம் எடுக்கலாம் என்று வார்னர் கம்பெனி நினைத்தது. புரூஸ் லீயும் ஜேம்ஸ் கோபர்னும் கதாசிரியர் ஸ்டெர்லிங் சிலிபாண்டும் சேர்ந்து ஒரு குங்பூ கதை எழுதி வைத்திருந்தார்கள். இடம் பார்க்க மூவரும் 1971 தொடக்கத்தில் விமானம் ஏறினார்கள். பம்பாய், டெல்லி, வடமேற்குப் பாலைவனம், சென்னை, கோவா என்று சுற்றினார்கள். சென்னையில் சண்டைக் கலைஞர்களை வரவழைத்துப் பார்த்தார் புரூஸ் லீ.

ஓட்டலில் கோபர்னுக்குப் பெரிய அறை, இவருக்குச் சின்ன அறை. அது மனதைச் சுட்டது. கோபர்னுக்கு இடங்களும் பிடிக்கவில்லை. படம் கைவிடப்பட்டது. அன்று அது நடந்திருந்தால் புரூஸ் லீயின் முதல் பெரிய படம் இந்தியாவில் உருவாகியிருக்கும். நம் சிலம்பக்காரர்கள் சிலராவது அதில் முகம் காட்டியிருக்கலாம்.

காஞ்சியில் இருந்து சென்ற போதிதர்மர்தான் சீனாவின் ஷாவோலின் மடத்தில் குங்பூவைத் தொடங்கி வைத்தார் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சரித்திர ஆசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஆதாரம் என்று காட்டப்படும் நூல் மிகப் பிற்காலத்தது. பெருமைக்காக அதைச் சொல்லத் தேவையும் இல்லை. காமாவின் பஸ்கியும் கிருஷ்ணமூர்த்தியின் புத்தகமும் நிச்சயமாக நடந்தவை.

ஐஸ் தொழிற்சாலை

அமெரிக்கா கைவிட்டது. ஹாங்காங் கூப்பிட்டது. "கிரீன் ஹார்னெட்" அங்கே கேட்டோவின் தொடராகவே பேசப்பட்டது. ரேமண்ட் சௌ என்பவர் 1970-ல் தொடங்கிய கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனி, 2 படங்களுக்கு 15 ஆயிரம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது.

முதல் படம் "தி பிக் பாஸ்". தாய்லாந்தில் பாக் சோங் என்ற சிற்றூரில் 1971 கோடையில் படப்பிடிப்பு. நல்ல சாப்பாடு கிடையாது, கொசு, புழுக்கம். புரூஸ் லீயின் எடை குறைந்தது. கணுக்காலும் சுளுக்கியது.

புகழ் எல்லாம் "எண்டர் தி டிராகன்" படத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டியது இந்தப் படத்தைத்தான்.

கதை இது. சீனாவில் இருந்து ஒரு வாலிபன் தாய்லாந்துக்குப் பிழைக்க வருகிறான். அவன் உறவுக்காரப் பையன்கள் ஒரே வீட்டில் கூட்டமாகத் தங்கி ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள். அவனும் சேர்கிறான். சண்டை போடமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். அந்தச் சத்தியத்துக்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு பச்சைக்கல் பதக்கம்.

ஒரு நாள் ஐஸ் பாளம் ஒன்று உடைகிறது. உள்ளே போதை மருந்துப் பொட்டலம்! பார்த்த இரண்டு பையன்களைக் காணவில்லை. தேடிப்போனவர்களையும் காணவில்லை. தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுக்கிறார்கள். மானேஜர் அடியாட்களை ஏவுகிறான். அடிதடியில் பதக்கம் அறுகிறது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் அப்போதுதான் இறங்குகிறான். தியேட்டரில் விசில் பறப்பது அந்த இடத்தில்.

அதற்குப் பிறகு வருவதுதான் கெட்டிக்காரத்தனமான இடம். நன்றாக அடிக்கிறான் என்று தெரிந்ததும் மானேஜர் அவனை மேஸ்திரி ஆக்கிவிடுகிறான்! விருந்து, மது, பெண் என்று காட்டி மயக்குகிறான். காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்கப் போனவன் குடித்துவிட்டுத் திரும்புகிறான். கூட இருந்த பையன்கள் அவனை நம்பாமல் ஒதுங்குகிறார்கள். ஒரே பாயில் படுத்தவன் மேஸ்திரி ஆனதும் மாறிவிட்டான் என்ற பேச்சு எந்தத் தொழிற்சாலையில்தான் இல்லை? பிறகு உண்மை தெரிந்து, ஐஸ் பாளங்களுக்குள் சொந்தக்காரர்களின் பிணங்களைப் பார்க்கிறான். வீடு திரும்பினால் அங்கும் பிணங்கள். முதலாளியைக் கொன்றுவிட்டுப் போலீசில் கைதாகிறான். வெற்றி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

எடுத்த விதத்தில் குறைகள் உண்டு. ஆள் சுவரைத் துளைத்துப் போகும்போது சுவரில் மனித உருவத்தில் ஓட்டை விழுவதெல்லாம் சிரிப்புத்தான். புரூஸ் லீ சண்டையிடும்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. 1971 அக்டோபர் கடைசியில் வெளிவந்த படம், முதல் ஓட்டத்திலேயே 30 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்துப் பழைய சாதனையை முறியடித்தது.

அடுத்து 1972 மார்ச்சில் "பிஸ்ட் ஆப் பியூரி". ஜப்பானியர் ஆதிக்கத்தில் இருந்த ஷாங்காயில் நடக்கும் கதை. பூங்கா வாசலில் சீனரையும் நாயையும் சேர்த்துத் தடுக்கும் பலகையை எகிறி உதைத்து உடைக்கிறார். வெள்ளைக்காரக் கிளப்புகளின் வாசலில் நின்று திரும்பிய நாட்டுக்கு அந்த உதையின் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. நம் ஊர்களில் இவர் படங்களையெல்லாம் "கராத்தே படம்" என்றே சொல்லி வந்தார்கள். கராத்தே ஜப்பானியருடையது, இந்தப் படத்தில் அவர் அடித்து விரட்டுவதே கராத்தேக்காரர்களைத்தான்!

அந்த ஆண்டு முடிவில் "வே ஆப் தி டிராகன்". கதை, டைரக்ஷன், நடிப்பு எல்லாம் புரூஸ் லீ. ரோம் நகரில் சீன ஓட்டல் நடத்துபவர்களை ரவுடிகள் மிரட்ட, உதவிக்கு வரும் கிராமத்தான் வேடம். பாஷை தெரியாமல் சூப் சூப்பாக வாங்கிக் குடித்துவிட்டு அவர் விழிக்கும் காட்சியில், தகப்பனாரின் நகைச்சுவை ரத்தம் தெரியும். முடிவில் பழைய ரோமானிய அரங்கில் சக் நாரிசுடன் சண்டை. எதிரியைக் கொன்ற பிறகு அவனுடைய சட்டையை எடுத்து உடம்பின் மேல் போர்த்துகிறார்.

கண்ணாடி மாளிகை

இப்போது அமெரிக்கா தேடி வந்தது. வார்னர் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து "எண்டர் தி டிராகன்" 1973 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரம்பமானது. டைரக்டர் ராபர்ட் குளவுஸ். செலவு சுமார் 8½ லட்சம் டாலர்; அமெரிக்கக் கணக்குக்கு மிகக் குறைவு. சீனனை மட்டும் நம்பப் பயந்து, ஜான் சாக்சன் என்ற வெள்ளை நடிகரையும் ஜிம் கெல்லி என்ற கறுப்பு வீரரையும் சேர்த்தார்கள். முதல் நாள் புரூஸ் லீயின் முகம் படபடப்பில் துடித்தது. எத்தனை ஆண்டு காத்திருந்த வாய்ப்பு!

போதை மருந்தும் பெண்களும் விற்கும் ஹான் என்பவனின் தீவில் சண்டைப் போட்டி. வேவு பார்க்கப் போகிறார் கதாநாயகன். தங்கையின் சாவுக்குக் காரணமானவனும் அங்கேதான் இருக்கிறான். கதை ஜேம்ஸ் பாண்ட் படத்தின் சாயல். அதைப் பாராட்ட ஒன்றும் இல்லை.

பாராட்டவேண்டியது வேறு. போகிற படகில் ஒரு முரடன் வம்புக்கு இழுக்கிறான். அடுத்த தீவில் வைத்துக்கொள்ளலாம் என்று அவனைச் சின்னப் படகில் இறக்கி, கயிற்றை எடுத்து வேலைக்காரச் சிறுவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார். ஒரு அடி கூட அடிக்கவில்லை. மொத்தப் படத்திலும் நயமான சண்டை அதுதான்.

கடைசியில் கண்ணாடி அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரி. எது ஆள், எது பிம்பம் என்று தெரியவில்லை. கையில் இரும்பு நகம் பூட்டிய ஹானாக நடித்தவர் ஷி கீன். ஹாங்காங் படங்களில் பழைய வில்லன், அப்போது அறுபதை எட்டியவர். காமிரா கண்ணாடியில் தெரியாமல் இருக்க, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மறைத்து எடுத்தார்கள். குருவின் அறிவுரை நினைவுக்கு வந்ததும் கதாநாயகன் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைக்கிறார். பிம்பங்கள் போய் ஆள் மட்டும் மிஞ்சுகிறான். இசை லாலோ ஷிப்ரின்.

இந்தப் படத்தில் அடி வாங்கும் கூட்டத்தில் ஒருவராக வந்த ஸ்டண்ட் பையன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜாக்கி சான்.

இந்தியாவில் சின்ன ஊர்களில்கூடக் கராத்தே பள்ளிகள் முளைத்தன. புனே திரைப்படக் கல்லூரியில் படித்து வெளிவந்த மிதுன் சக்கரவர்த்தி "கராத்தே" என்ற பெயரிலேயே 1983-ல் ஒரு இந்திப் படத்தில் நடித்தார்.

திடீர் மரணம்

1973 மே 10-ந் தேதி, ஒலிப்பதிவு அறையில் புரூஸ் லீ மயங்கி விழுந்தார். மூளை வீக்கம் என்று கண்டு, மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். அமெரிக்காவில் சோதித்த டாக்டர்கள் உடம்பில் கோளாறு இல்லை என்றார்கள்.

ஜூலை 20. அடுத்த படம் பற்றிப் பேச நடிகை பெட்டி டிங் பெய் வீட்டுக்குப் போனார். தலைவலி என்றதும் நடிகை ஒரு மாத்திரை கொடுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மீண்டும் மூளை வீக்கம்.

அவர் வீட்டிலேயே இறந்ததாக முதலில் சொன்னார்கள். நடிகை வீடு என்பது வெளியானதும் வதந்திகள் கிளம்பின. விஷம், எதிரிகள் சதி, சாபம் என்று பேசாத பேச்சு இல்லை. விசாரணை நீதிமன்றம் மாத்திரையின் ஒவ்வாமையால் ஏற்பட்ட தற்செயல் சாவு என்று தீர்ப்பளித்தது. வெப்பத் தாக்கு என்று ஒரு நூலாசிரியரும், உடம்பில் நீர் மிகுந்து உப்புச் சத்து குறைந்ததால் இருக்கலாம் என்று 2022-ல் சிறுநீரக டாக்டர்களும் எழுதினார்கள்.

ஹாங்காங்கில் இறுதி ஊர்வலத்துக்குப் பல ஆயிரம் பேர் திரண்டனர். உடலை லிண்டா சியாட்டில் நகருக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தார். ஸ்டீவ் மெக்வீனும் கோபர்னும் சவப்பெட்டியைச் சுமந்தார்கள். சர்வராகத் தட்டு எடுத்த ஊர் அது.

"எண்டர் தி டிராகன்" அடுத்த மாதம் அமெரிக்காவில் வெளிவந்து பல கோடி டாலர் குவித்தது. பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் 2004-ல் அமெரிக்க அரசு அதைச் சேர்த்தது. மகன் பிராண்டனும் நடிகரானார். 1993 மார்ச் 31-ந் தேதி படப்பிடிப்பில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து 28 வயதில் இறந்து, தகப்பனார் பக்கத்திலேயே அடக்கம் ஆனார்.

பாதியில் நின்ற "கேம் ஆப் டெத்" படத்தை 1978-ல் வேறு ஆளை வைத்து முடித்து வெளியிட்டார்கள். சவ ஊர்வலக் காட்சிக்கு, 1973-ல் ஹாங்காங்கில் எடுத்த உண்மையான ஊர்வலப் படச்சுருளையே சேர்த்துவிட்டார்கள். அந்தப் படத்துக்காகப் புரூஸ் லீ தானே நடித்த சண்டை சுமார் 11 நிமிடம்தான் அதில் வருகிறது. அந்த 11 நிமிடத்தில், 7 அடிக்கு மேல் உயரமான கரீம் அப்துல் ஜபாரின் நெஞ்சுக்கு எகிறி உதைக்கிறார்.